ஹட்டன் நகரில் ஒரு ஞாயிறு வகுப்பு: சிக்கிய கணக்குகளுக்கு மட்டும்

நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் சாதாரணதர வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன் நான். இருந்தும், உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்கும் என் மகள் இரவில் கொப்பியோடு வந்து நின்றபோது, அவள் காட்டிய திரிகோணகணித, அட்சரகணித வினாக்களுள் பாதிக்கு என்னால் வழி சொல்ல முடியவில்லை. மலையகத்தில் எல்லாப் பாடசாலைகளிலும் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லாத நிலையில், கேட்பதற்கு அயலில் வேறொருவரும் இருக்கவில்லை. அதனால்தான் கடந்த மூன்று மாதங்களாக அவளை ஹட்டன் நகரில் நடைபெறும் ஒரு ஞாயிறு வகுப்புக்கு அனுப்பி வருகிறேன்.

இது பாடத்திட்டத்தை முதலிலிருந்து நடத்தும் வகுப்பு அன்று. பிள்ளைகள் தாங்கள் செய்துபார்த்துச் சிக்கிக்கொண்ட கணக்குகளை மட்டுமே கொண்டுவர வேண்டும். வெறும் வினாவோடு வருபவரை, ஒரு பக்கமாவது எழுதிப் பார்க்கும் வரை ஓரத்து வாங்கில் அமர்த்திவிடுகிறார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு 600 ரூபா. தொடக்கத்தில் இந்த விதி எனக்குக் கண்டிப்பாகத் தோன்றியது. ஒருநாள் பின்வரிசையில் அமர்ந்து பார்த்த பின்னரே அதன் பயன் விளங்கியது.

அன்று மகள் கொண்டுபோன வினா இதுதான்: சைன் எக்ஸையும் கோசைன் எக்ஸையும் கூட்டினால் 1 வர வேண்டும், 0 பாகை தொடக்கம் 360 பாகைக்குக் குறைந்த தீர்வுகளைக் காண்க. அவள் இருபக்கமும் வர்க்கித்து, இருமடங்குக் கோணத்தின் சைன் பூச்சியம் என்று பெற்று, 0, 90, 180, 270 என நான்கு விடைகளை எழுதியிருந்தாள். புத்தகத்தின் பின்புறத்தில் இரண்டு விடைகளே இருந்தன. "சேர், ஒரு படியும் பிழையில்லையே?" என்று கேட்டாள். "பிழையில்லை பிள்ளை, நாலையும் முதல் சமன்பாட்டிலேயே போட்டுப் பாருங்கள்" என்றார் வகுப்பு நடத்தும் ஆசிரியர். 180ஐயும் 270ஐயும் பிரதியிட்டபோது கூட்டுத்தொகை மறை 1 ஆயிற்று. 1ஐ வர்க்கித்தாலும் மறை 1ஐ வர்க்கித்தாலும் ஒரே எண் வருவதால், அந்த ஒரு படியில்தான் வேண்டாத இரண்டு விடைகளும் உள்ளே வந்திருக்கின்றன என்பதை அவளே கண்டுபிடித்தாள். இடப்பக்கத்தை, 45 பாகை கூட்டிய கோணத்தின் சைனை 2இன் வர்க்கமூலத்தால் பெருக்கிய உருவில் எழுதினால் இத்தொல்லையே எழாது என்பதை அவர் அதன் பிறகே காட்டினார்.

அத்தோடு விடாமல், அட்சரகணிதத்திலிருந்து ஒரு சமனிலியையும் பக்கத்திலேயே எழுதினார். எக்ஸை, எக்ஸ் சய 2இனால் வகுத்தால் 3இலும் பெரிதாக வேண்டும். பகுதியெண்ணால் இருபக்கமும் பெருக்கி, எக்ஸ் 3இலும் சிறிது என்று முன்வரிசை முழுவதும் சொன்னது. எக்ஸுக்கு 1 என்று போட்டுப் பார்த்தால் கிடைப்பது மறை 1. பகுதியெண் மறையாக இருக்கும்போது சமனிலியின் குறி திரும்பிவிடும் என்பதை மறந்ததால் வந்த வினை; சரியான விடை 2க்கும் 3க்கும் இடைப்பட்ட பெறுமானங்கள் மட்டுமே. வெவ்வேறு பாடங்களாகப் பிள்ளைகள் நினைத்திருந்த இரண்டிலும், எண்ணின் குறியைக் கவனியாமல் ஒரு படியைத் தாண்டும் ஒரே கவனக்குறைவு இருந்ததை நானும் அன்றுதான் இப்படிச் சேர்த்துப் பார்த்தேன். இருபது வருடம் கற்பித்தவன் இதை எழுதச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

இணைந்த கணிதப் பரீட்சையின் முதலாம் வினாத்தாளின் இரண்டாம் பகுதியில், 11 முதல் 17 வரையான ஏழு வினாக்களுள் ஐந்துக்கு விடையளிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளிகள். பதினோராவது வினா பெரும்பாலும் இருபடிச் சமன்பாட்டையும் பல்லுறுப்பியையும், பதினேழாவது பெரும்பாலும் திரிகோணகணிதத்தையும் சார்ந்து வருவதால், இந்த உதவிக்குச் செலவிடும் பணம் வீணில்லை என்றே கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. முப்பது பேர் நெருங்கி அமரும் அறையில், பின்வரிசைக்குப் பலகையின் கீழ்ப்பாதி தெரிவதில்லை. ஒருவருக்குச் சராசரியாக ஆறு நிமிடமே கிடைப்பதால், மூன்று கணக்குகளோடு போகும் மகள் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் விளக்கம் பெற்று வருகிறாள். பிரயோக கணிதத்தை அவர்கள் தொடுவதே இல்லை. மழைநாளில் வகுப்பு நீண்டுவிட்டால் டிக்கோயா வழியாக வரும் பஸ்ஸைப் பிடிப்பது பெரும்பாடு.

எல்லாவற்றிலும் ஏமாற்றம் தந்தது, மாதம் 1,000 ரூபா மேலதிகமாகப் பெற்றுக்கொண்டு வாட்ஸ்அப்பில் நடத்தும் உதவி. கணக்கைப் படமெடுத்து அனுப்பினால் மறுநாள் முழுத் தீர்வும் எழுதப்பட்டு வருகிறது. பிள்ளை எங்கே தவறினாள் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வகுப்பில் அவர்களே மறுக்கும் காரியத்தைத் தொலைபேசியில் காசுக்குச் செய்கிறார்கள்.

உயர்தரத்தின் முதலாம் வருடத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இவ்வகுப்பை இப்போதே பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூலையும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கடந்தகால வினாத்தாள்களையும் முதலில் செய்து பார்க்கட்டும். பாடத்தை ஒருமுறை முடித்துவிட்டு வினாத்தாள்களில் இடறுபவர்கள் தாராளமாகப் போகலாம். காலை எட்டரைக்கு முன் போனால் முன்வரிசை கிடைக்கும். மகளைப் பரீட்சை வரை அனுப்புவதாக இருக்கிறேன். வாட்ஸ்அப் கட்டணத்தை மட்டும் சென்ற மாதத்தோடு நிறுத்திவிட்டேன்.