பிருகத்காயோசாரஸ்: ஊன் உண்ணியா, இலையுண்ணியா?

ஊட்டிப் பள்ளிக் கண்காட்சிக்கு அட்டை எழுதுவோர் முதலில் கவனிக்க: நம் மலையின் சார்னோகைட் பாறையில் (பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை) டைனோசர் எலும்பு கிடைக்காது. பிருகத்காயோசாரஸ் என்ற இந்த டைனோசர் அரியலூர் கல்லமேட்டுப் படிவுப்பாறையில் கிடைத்தது.

ஊன் உண்ணி: இதை முதலில் விவரித்த ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் இப்படித்தான் வகைப்படுத்தினார்கள். கையில் இருந்ததோ இடுப்பெலும்பு, தொடையெலும்புத் துண்டு, கீழ்க்கால் எலும்பு என்று சில மட்டுமே. மண்டையோடு இல்லாமல் உணவுப் பழக்கத்தைச் சொல்வது துணிச்சல்தான்!

நீள்கழுத்து இலையுண்ணி (டைட்டனோசார் வகை): அளவே வாதம். கீழ்க்கால் எலும்பு 2 மீட்டர். பெரிய ஊன் உண்ணியான டைரனோசாரஸுக்கே அது 1.2 மீட்டரைத் தாண்டாது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கமே.

சிக்கல், எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. மறுபடி அளக்க வழியில்லை, பழைய படங்கள்தான் மிச்சம். அட்டையில் 'டைட்டனோசார் எனக் கருதப்படுவது' என்று போடுங்கள். எடையை எழுதவே வேண்டாம்.