போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல்: தமிழ்ப் பெயர்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

இரண்டு உலகப்போர்களில் ஏதோ ஒன்றுக்குப் போய்த் திரும்பி வராத கொள்ளுத்தாத்தா, தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. "பர்மா சண்டையில போயிட்டாரு", "பஸ்ரா போனவரு வரவே இல்ல" என்பதோடு சேதி நின்றுவிடும். சில ஊர்களில் பழைய கல் ஒன்று சுவரில் பதித்திருக்கும். 1914-1919 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். கணக்கு மட்டும்தான், பெயர் கிடையாது. அந்தப் பெயர்களைத் தேட நமக்கு இருப்பதில் மிகப் பெரிய வாசல், காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் உள்ள 'ஃபைண்ட் வார் டெட்' தேடல். காசு எதுவும் கட்டவேண்டாம்.

1917-ல் தொடங்கிய இந்த ஆணையத்தின் பட்டியலில், அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் தரப்பில் இரண்டு போர்களிலும் உயிர்விட்ட சுமார் 17 லட்சம் பேர் இருக்கிறார்கள். யாரைச் சேர்ப்பது என்பதற்குக் கறாரான தேதி வரம்பு உண்டு: முதல் போருக்கு 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, இரண்டாம் போருக்கு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை. சண்டையில் குண்டடி பட்டுத்தான் இறந்திருக்கவேண்டும் என்பதில்லை. பணியில் இருக்கும்போது காலராவிலோ மலேரியாவிலோ போனவரும் இதில் வருவார்.

சிக்கல் முதல் கட்டத்திலேயே தொடங்குகிறது. குடும்பப்பெயர், முன்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான். அது குடும்பப்பெயர்க் கட்டத்தில்தான் ஏறியிருக்கும். அப்பா பெயரின் இனிஷியலைப் போட்டுத் தேடினால் ஆள் மாட்டமாட்டார். எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. ஆள் எடுத்த இடத்துக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியது அப்படியே நிற்கிறது. முனுசாமி என்ற ஒரே பெயர் 'முனி', 'முனு' என்று இரண்டு விதமாகவும், 'சாமி' பகுதி டபிள்யூ சேர்த்தும் சேர்க்காமலும் வரும். அதனால் பெயரை வைத்துத் தேடுவதை முதலில் செய்யாதீர்கள், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் தரும் வழி இது. பெயர்க் கட்டங்களைக் காலியாக விட்டு, எந்தப் போர் என்பதையும் படைப்பிரிவையும் மட்டும் கொடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முதல் போர்க்காலத்தில் 'மெட்ராஸ்' என்ற சொல் பல பிரிவுகளின் பெயரிலேயே கிடையாது. இன்று நாம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லும் பொறியாளர் படைக்கு அன்றைய பெயர் '2-ஆம் குயீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. காலாட்படையில் 73, 75, 79, 80, 83, 88 என்று எண்ணைப் போட்டு, கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி என்று இருக்கும். 63 என்ற எண்ணுள்ள படை, பாளையங்கோட்டையின் பழைய ஆங்கில உச்சரிப்பில் 'பாலம்கோட்டா' என்று இருக்கும். இரண்டாம் போருக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று தேடலாம். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி ஆட்களை விட்டுவிடுவீர்கள். இந்தியன் பயனியர் கோர், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், ஆர்டனன்ஸ், மருத்துவப் பிரிவு இவற்றிலும் தென்னிந்தியர் ஏராளம். "பட்டாளத்துல லாரி ஓட்டினாரு", "ரோடு போட்டாரு" என்று வீட்டில் சொல்லிவந்தால் இந்தப் பிரிவுகளைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிப்பது கூடுதல் தகவல் என்ற கட்டத்தை. பெற்றோர் பெயர், மனைவி பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். அதற்குள்ளேயே தேடவும் முடியும். மாவட்டத்தை அன்றைய பெயரில் கொடுக்கவேண்டும்: டிரிச்சினோபாலி, டாஞ்சோர், மதுரா, டின்னவெலி, ராம்நாட், சிங்கிள்புட். வேலூர், திருவண்ணாமலைக்காரர்கள் வட ஆற்காடு என்றும், தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சேலம் என்றும், கன்னியாகுமரிக்காரர்கள் திருவிதாங்கூர் என்றும் தேடுங்கள். எல்லாப் பதிவிலும் இந்தத் தகவல் இல்லை என்பது பெரிய குறை. இருக்கும் இடத்திலோ, ஒரு சிப்பாயின் பெயருக்குக் கீழே இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்று ஒரு வரி வரும்போது, அதுவரை வெறும் எண்ணாக இருந்தவர் யாரோ ஒருவரின் வீட்டு ஆளாகிவிடுகிறார்.

முடிவுகள் நூற்றுக்கணக்கில் வந்தால் திரையிலேயே புரட்டாமல் அட்டவணையாகத் தரவிறக்கி, ஊர்ப் பத்தியை வரிசைப்படுத்திப் பார்ப்பது வேகம்.

ஆளின் பக்கத்தைத் திறந்தால் பதவி, படை எண், இறந்த தேதி, நினைவிடம் எல்லாம் இருக்கும். படை எண்ணை, அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் படையில் கொடுத்த எண்ணை, அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே படையில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும்போது அதுதான் ஆளைப் பிரித்துக்காட்டும். நினைவிடக் குறிப்பில் மனை, வரிசை, கல்லறை எண் இருந்தால் கல்லறை உண்டு. 'காலம்' (ஆங்கிலத்தில் பத்தி), 'ஃபேஸ்' (முகப்பு) என்று இருந்தால் கல்லறை கிடையாது, சுவரிலோ தூணிலோ பெயர் மட்டும். இந்து வீரர்களைத் தகனம் செய்ததால் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், மியன்மாரின் தௌக்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் இப்படி இருக்கின்றன. கொஹிமாவில் தகனமானவர்களுக்கென்றே 917 பெயர்களோடு தனி நினைவுச்சின்னம் உண்டு. சென்னை நந்தம்பாக்கம் போர்க்கல்லறையில் தாத்தா இருப்பார் என்று நினைத்துப் போகிறவர்கள் பலர். அங்குள்ள சுமார் 850 கல்லறைகள், தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல இடங்களில் பராமரிக்க வழியில்லாமல் கிடந்த கல்லறைகளை ஒன்றுசேர்த்தவை. பர்மா எல்லையில் விழுந்தவரை அங்கே தேடிப் பயனில்லை.

இனி மனசைச் சுடும் விஷயம். பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மரியாதை என்பது ஆணையத்தின் அடிப்படைக் கொள்கை. நடந்தது வேறு. இராக்கின் பஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள்; இந்தியச் சிப்பாய்களுக்குப் படைவாரியாக எண்ணிக்கை மட்டும். ஆணையமே 2021-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாக 45,000 முதல் 54,000 பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டதையும், குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ அடியோடோ விடுபட்டிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆகவே தேடி ஆள் கிடைக்கவில்லை என்பதால் வீட்டில் சொன்னது பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

சில பேர் இதில் வரவே மாட்டார்கள். இரண்டாம் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் படையில் இல்லாத பொதுமக்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறையில் போர்க்கைதிகளுக்குத்தான் கல், அவர்களுக்கு இல்லை. தோட்டத்திலிருந்து நேராக நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களும் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான்.

விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் பிழையைத் திருத்தவும் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டில் சொல்லக் கேட்டது மட்டும் போதாது. படையில் இருந்ததற்கும், மேலே சொன்ன தேதிக்குள் இறந்ததற்கும் எழுத்துமூலச் சான்று கேட்பார்கள். ஊர் திரும்பியபின் இறந்தவர் என்றால், பணியால் வந்த காயமோ நோயோதான் காரணம் என்பதையும் காட்டவேண்டும். விதவை ஓய்வூதியத் தாள், படையிலிருந்து வந்த கடிதம், எண் பொறித்த பதக்கம் எதையும் பழைய இரும்புப் பெட்டியிலிருந்து தூக்கிப் போடாதீர்கள். முதல் போர்ப் பதக்கங்களின் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எண்ணும் பெயரும் படைப்பிரிவும் சின்ன எழுத்தில் இருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்துதான் முதலில் அழியும்.