ஸ்லைடிங் ஜன்னலா, கதவு மாதிரி திறக்கிற ஜன்னலா? பைபாஸ் ஓரத்து ஃபிளாட்டுக்கு எது சரி

கிருஷ்ணகிரில பைபாஸ் பக்கத்துல ரெண்டாவது மாடி எங்களுது. சென்னை ரோடும் பெங்களூர் ரோடும் சேர்ற ஊரு, ராத்திரி பூரா லாரிதான், மாங்கா சீசன்ல கேக்கவே வேணாம், லோடு வண்டி கியர் மாத்துறது படுத்திருக்கிற கட்டில்ல அதிரும். குடியிருப்பு பகுதில ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் 45 டெசிபல்தான் இருக்கணும்னு 2000ல வந்த விதி சொல்லுது, அதெல்லாம் ரோட்டோரத்துல எங்க. அம்மாவுக்கு பிரஷர் வேற, தூக்கமே இல்லாம போச்சு, அதான் போன வருஷம் ஜன்னல்ல கை வெச்சோம்.

திரைச்சீலை, சுவத்துல ஒட்டுற ஃபோம் எல்லாம் ரூமுக்குள்ள எதிரொலிய குறைக்கும், அவ்ளோதான். வெளி சத்தத்துக்கு அதுல காசு போடாதீங்க.

ஹால்ல பில்டர் போட்ட ஸ்லைடிங் அப்படியே இருக்கு, பெட்ரூம்ல மட்டும் கதவு மாதிரி திறக்கிற யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக் ஃபிரேம்) ஜன்னல் போட்டோம், அதனால ரெண்டையும் ஒரே வீட்டுல பாக்கறேன். ஸ்லைடிங் விலை கம்மி, இடம் அடைக்காது, வெளிய கிரில் இருந்தாலும் தொந்தரவு இல்ல. ஆனா அது நகரணும்ல, அதனால ஓரத்துல பிரஷ் மாதிரி ஒண்ணுதான் இருக்கும், ரோட்டுத் தூசி ஏறி அது படிஞ்சு போயிடுது, காத்து புகுற இடத்துல எல்லாம் சத்தமும் புகுந்துடும். ஜன்னல் பரப்புல 100ல 1 பங்கு சந்து இருந்தாலே போதும், எவ்ளோ கெட்டி கண்ணாடி போட்டாலும் 20 டெசிபலுக்கு மேல குறையாது. நான் மொதல்ல கண்ணாடிய பத்தியேதான் விசாரிச்சிட்டு இருந்தேன், சந்துதான் விஷயம்னு லேட்டாதான் புரிஞ்சுது.

திறக்கிற ஜன்னல்ல ஹேண்டில திருப்புனா ஷட்டர், அதாவது திறந்து மூடுற கண்ணாடிக் கதவு, ஓரத்துல சுத்தி இருக்கிற ரப்பர் பட்டை (கேஸ்கட்) மேல அழுந்தி உக்காரும். கண்ணாடி லேமினேட்டட் போட்டோம், ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்சு ஒட்டினது. நடுவுல காத்து விட்ட டபுள் கிளாஸ் வெயிலுக்கு நல்லது, லாரியோட அடித்தொண்டை உறுமலுக்கு அந்த சின்ன இடைவெளி பெருசா உதவாது. ஃபிரேமுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஃபோம் அடிச்சு மேல சிலிகான் போட்டாங்களான்னு நின்னு பாருங்க, அங்கதான் வேலையாளுங்க அவசரப்படுவாங்க. எங்க கிரில் வெளிய இருந்ததால உள்பக்கம் திறக்கிற மாதிரி போட வேண்டியதாச்சு, கட்டில ஒரு அடி தள்ளினோம்.

பராமரிப்புதான் முக்கியம். எட்டு மாசத்துல ஒரு ஷட்டர் லேசா தொங்கிடுச்சு, சத்தம் திரும்ப வந்துச்சு. மூடிட்டு ஊதுபத்தி காட்டினேன், கீழ் மூலைல புகை வளைஞ்சுது. ஒரு பேப்பர நடுவுல வெச்சு மூடி இழுத்தா அங்க மட்டும் சுலபமா உருவிட்டு வந்துடுச்சு. ஆலன் கீ (ஆறு பக்க முனை உள்ள சின்ன சாவி) வெச்சு கீல்ல இருக்கிற ஸ்க்ரூவ திருப்பினதும் சரியாயிடுச்சு. கேஸ்கட்ட மாசம் ஒரு தடவ ஈரத்துணில துடைக்கிறோம். போட்டு ஒரு வருஷம்தான் ஆகுது, அஞ்சாறு வருஷத்துக்கு அப்புறம் அந்த ரப்பர் எப்படி இருக்கும்னு என் அனுபவத்துல சொல்ல முடியாது. மே மாசம் மூடி வெச்சா ஏசி இல்லாம முடியல, அந்த கரண்ட் பில்லையும் கணக்குல வெச்சுக்கோங்க.

மேல் வீட்டுல சேர் இழுக்கிற சத்தம் மட்டும் ஜன்னல் மாத்தியும் போகல, அது தளம் வழியா வர்றது. மேல் வீட்டு அக்காகிட்ட பக்குவமா சொல்லி நாலு சேருக்கும் 16 ரப்பர் புஷ் நானே வாங்கி குடுத்தேன், அன்னிக்கே நின்னுடுச்சு.