ஸ்டீம் டெக்கில் ‘ஆக்கரினா ஆஃப் டைம்’: எமுலேட்டரா, போர்ட்டா?

‘தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்’ 1998 நவம்பரில் நின்டெண்டோ 64 கருவிக்காக வெளிவந்தபோது நான் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆகவே சிறுவயது நினைவுகள் தரும் சலுகை எதையும் இந்தக் கேமுக்கு நான் கொடுக்கத் தேவையில்லை. என் கருவி வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கேம் கணினி. 7 அங்குல எல்சிடி திரையும் 1280க்கு 800 புள்ளிகளும் கொண்ட முதல் வகை. அதில் முதலில், பல எமுலேட்டர்களை ஒன்றாகத் தரும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் உள்ள நின்டெண்டோ 64 எமுலேட்டர் வழியாகவும், பிறகு ‘ஷிப் ஆஃப் ஹார்க்கினியன்’ என்னும் போர்ட் வழியாகவும் இதே கேமை இருமுறை விளையாடினேன்.

எமுலேட்டர் செய்வது ஒருவகை ஆள்மாறாட்டம். 93.75 மெகாஹெர்ட்ஸ் வேகச் செயலி, 4 எம்பி நினைவகம், படம் வரையும் சில்லு என்று பழைய கருவியின் உறுப்புகள் அனைத்தையும் மென்பொருளாக நடித்துக் காட்டுவதால், தான் வேறொரு கருவியில் ஓடுகிறோம் என்பது கேமுக்கே தெரியாது. போர்ட் அப்படியன்று. அது கேமையே புதிய கருவியில் நேரடியாக ஓடும்படி மாற்றி ஆக்கியது. கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜில் இருந்த இயந்திர நிரலை வரி வரியாக ஆராய்ந்து, அதைச் சி மொழி மூலநிரலாகத் திரும்ப எழுதும் பணியை ரசிகர் குழு ஒன்று 2021 நவம்பரில் முடித்தது. அந்த மூலநிரலை அடித்தளமாகக் கொண்டு ஹார்பர் மாஸ்டர்ஸ் என்ற குழு 2022 மார்ச்சில் வெளியிட்டதுதான் இந்தப் போர்ட். இதனுடன் கேமின் படங்களோ இசையோ தரப்படுவதில்லை. பயனர் தம்மிடம் உள்ள கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோம் கோப்பை, அதாவது கேமின் முழு நகலைக் கொடுத்தால், முதல்முறை திறக்கும்போது அவற்றை அதிலிருந்து பிரித்தெடுத்துக்கொள்கிறது.

எமுலேட்டரைக் குறைத்து மதிப்பிட என்னால் முடியவில்லை. பேரலல் என்ற வரைகலை முறையில் ஓட்டும்போது மூடுபனி, நீர், மங்கலான தூரத்து மலைகள் யாவும் பழைய கருவி வரைந்த விதத்திலேயே வருகின்றன. 320க்கு 240 படத்தைச் சரியாக மூன்று மடங்காக்கினால் 960க்கு 720 ஆகி, டெக்கின் திரையில் மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டையும், இருபுறமும் சற்றே அகலமான பட்டையும் மிஞ்சுகின்றன. துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதை நின்டெண்டோவின் சொந்த அனுபவமே காட்டும். 2021 அக்டோபரில் ஸ்விட்ச் சந்தாச் சேவையில் இந்தக் கேம் வந்தபோது, கேமில் வரும் நீர்க்கோயில் என்னும் நிலவறையின் ஓர் அறையில் மூடுபனியும் நீரில் தெரியும் பிம்பமும் காணாமல் போயிருந்தன. ரசிகர்கள் குறைகூறிய பின்னரே அது திருத்தப்பட்டது.

தொல்லை கைகளில் தொடங்குகிறது. நின்டெண்டோ 64 கைப்பிடியில் மஞ்சள் நிறத்தில் நான்கு சி பொத்தான்கள் உண்டு. பொருள்களைப் பயன்படுத்துவதும் அவற்றில்தான், கேமின் நாயகன் ஊதும் ஆக்கரினா என்ற குழலை வாசிப்பதும் ஏ பொத்தானுடன் சேர்த்து அவற்றில்தான். டெக்கில் அவை வலது ஸ்டிக்குக்குப் போய்விடுவதால், மேலே தள்ள நினைத்த விரல் சற்றே சாய்ந்து வேறு சுரத்தை எழுப்பிவிடுகிறது. கேமில் மழையை வரவழைக்கும் மழைப்பாட்டை நான் மூன்று முறை தவறாக வாசித்தேன். பின்புறமுள்ள நான்கு பொத்தான்களுக்கு அவற்றை மாற்றிப் பார்த்தும் விரல்கள் பின்னிக்கொண்டதுதான் மிச்சம். போர்ட்டில் பொருள்களையும் சுரங்களையும் திசைப் பொத்தான்களுக்குக் கொண்டுபோக முடிகிறது. வலது ஸ்டிக் கேமராவைத் திருப்பும் வேலைக்கு விடுதலையாகிறது. கையில் பிடித்து விளையாடும் கருவியில் இந்த ஒரு மாற்றமே என் தீர்ப்பைப் பாதி எழுதிவிட்டது.

மீதிப் பாதியை எழுதியது நீர்க்கோயில். அங்கே இரும்புக் காலணியை அணிந்தால்தான் மூழ்க முடியும், கழற்றினால்தான் மிதக்க முடியும். மூலக் கேமில் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி, உடைமைகளின் பக்கத்துக்குப் போய், காலணியை மாற்றி, மீண்டும் திரும்ப வேண்டும். எமுலேட்டர் இந்தச் சலிப்பையும் நேர்மையாக அப்படியே தருகிறது! போர்ட்டிலோ காலணியை ஒரு பொத்தானில் பொருத்திக்கொள்ளலாம்.

அசைவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூலக் கேம் நொடிக்கு 20 சட்டகங்களில், அதாவது 20 தனிப் படங்களில் ஓடுவது. போர்ட் இடைப்பட்ட படங்களைக் கணக்கிட்டு நொடிக்கு 60 ஆக்கிக் காட்டுகிறது; ஆனால் பகைவர்களின் நேரக் கணக்கு கெடாதபடி ஆட்டத்தின் உள் ஓட்டம் 20 ஆகவே தொடர்கிறது. கேமின் பரந்த புல்வெளியான ஹைரூல் வெளியைக் குதிரையில் கடக்கும்போது கண்ணுக்கு இது பெரும் நிம்மதி. வாள் வீச்சில் மட்டும் பழைய கனம் மாறவில்லை. அகலத்திரையும் போர்ட்டில் இயல்பாக அமைகிறது, எல்லா இடத்திலும் அல்ல. சந்தை போன்ற சில இடங்கள் 4:3 அளவில் வரைந்து வைக்கப்பட்ட நிலைப்படங்கள். அவற்றின் ஓரத்துக்கு அப்பால் காட்ட எதுவும் இல்லை.

போர்ட்டுக்கு விலை உண்டு. நினைவக அமைப்பு மாறிவிட்டதால், பழைய கருவியின் நினைவகத்தைக் குழப்பி நடத்தும் பிரபலமான கோளாறு வித்தைகள் சில இதில் அதேபோல் நடப்பதில்லை. அதைவிடப் பெரியது, இந்த உழைப்பு அத்தனையும் ஒரே ஒரு கேமுக்கானது என்பது. எமுலேட்டரோ அந்தக் கருவியின் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கேம்களுக்கு ஒரே வாசல். எந்த நொடியிலும் நிலையைச் சேமிக்கும் அதன் வசதியை மட்டும் நான் பெரிதாகப் பாராட்டமாட்டேன். டெக்கின் மின்பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எந்தக் கேமும் அப்படியே உறங்கிவிடுகிறது.

போர்ட் என்றாலே மேல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஃபைனல் ஃபேண்டஸி 6’ கேம் பாய் அட்வான்ஸுக்கு 2006இல் வந்தபோது பிழைகள் திருத்தப்பட்டு, புதிய நிலவறையும் சேர்ந்தது. ஆனால் சூப்பர் நின்டெண்டோவில் தனிச் சில்லு கொண்டு ஒலித்த இசை, அந்தச் சிறு கருவியில் தேய்ந்துபோனது. படமும் 240க்கு 160 புள்ளிகளாகச் சுருங்கியது. டெக்கில் அந்தப் போர்ட்டை ஓட்ட நமக்கு வேண்டியதும் ஓர் எமுலேட்டர்தான். அந்தக் கேமுக்கு நான் சூப்பர் நின்டெண்டோ மூலத்தையே எமுலேட்டரில் ஓட்டுகிறேன்.

ஆக்கரினாவுக்குப் போர்ட்தான் என் தேர்வு. இதற்கு அடுத்து வந்த ‘மஜோராஸ் மாஸ்க்’ கேமுக்கு 2024 மே மாதத்தில் வேறொரு முறையில் ஆக்கிய போர்ட் வந்தது. ஆண்டுக்கணக்கில் மனிதர் எழுதிய மூலநிரலுக்குக் காத்திராமல், இயந்திர நிரலை ஒரு மென்பொருளே சி மொழிக்கு மாற்றித் தருவது அந்த முறை. என் எமுலேட்டர் கோப்புறையில் உள்ள மற்ற கேம்களுக்கும் அப்படி ஒன்று வரும்வரை, வலது ஸ்டிக்கில் சுரம் தவறுவதைப் பொறுத்துக்கொண்டு அந்தக் கோப்புறையை வைத்திருக்கப் போகிறேன்.