பின் பிரேக்கை மாற்றுகிறீர்களா? சரிவில் நிறுத்திப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரிக்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து காரையெல்லாம் மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்தினோமே, அந்த வரிசையில் தானாகப் பின்னால் நகர்ந்து ஒரு ஸ்விஃப்ட்டின் பம்பரை உடைத்த வண்டி என்னுடையதுதான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன். கியரில் போடவில்லை, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். போலீஸ் அபராதம் போடுமா போடாதா என்று ஸ்விஃப்ட்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன், பத்து நிமிடம் இருக்கும், "அண்ணா, வண்டி நகருது!" என்று யாரோ கத்தினார்கள். கதவைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

வண்டி இரண்டு சீட், மேனுவல் கியர். மாடலைச் சொல்லமாட்டேன், ஊரில் ஓடுவதே எண்ணி நாலைந்துதான்.

அதற்கு நாலு மாதம் முன்பு பின் சக்கரத்துக்கு நாலு பிஸ்டன் காலிப்பரும் பெரிய டிஸ்க்கும் போட்டேன். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடால் கடித்து நிறுத்துவதுதான் காலிப்பர், அந்தப் பேடைத் தள்ளுவது பிஸ்டன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு என்று வீட்டில் சொன்னாலும், உண்மையில் பெரிய வீலுக்குப் பின்னால் பழைய காலிப்பர் சோளப்பொரி மாதிரி தெரிந்ததுதான் காரணம். இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனியில் வந்த பின் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் இருக்கும்: கேபிள் ஒரு ஆர்மை இழுக்கும், உள்ளே திருகு மாதிரி ஒன்று சுற்றி பிஸ்டனைத் தள்ளும். நாலு பிஸ்டன் காலிப்பரில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. எனவே ஹேண்ட் பிரேக்குக்கென்றே தனியாக ஒரு குட்டி மெக்கானிக்கல் காலிப்பரை அதே டிஸ்க்கில் பூட்ட வேண்டும்.

ஓ.எம்.ஆர். பக்கத்துக் கடைக்காரர் முதலில், "ஹைட்ராலிக் போதும் சார், டிரிஃப்ட் வண்டிக்கெல்லாம் அதான்" என்றார். வேண்டாம் என்றேன். கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் அது, கால் பிரேக்கின் அதே லைனில் உட்காரும், நேரமாக ஆக அழுத்தம் இறங்கும், ராத்திரி முழுக்க வண்டியைப் பிடித்து நிறுத்த அது லாயக்கில்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 96ஆம் விதியும் கால் பிரேக், பார்க்கிங் பிரேக் இரண்டும் ஒன்றையொன்று நம்பாமல் தனித்தனியாக இயங்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. சரி சார், இம்போர்ட்டட் மெக்கானிக்கல் கிட் போட்டுத் தருகிறேன் என்று அதற்கு மட்டும் தனியாக 32,000 வாங்கினார்.

நாலு மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இது சென்னை! அபார்ட்மென்ட் பார்க்கிங் சமதளம், ஆபீஸ் சமதளம், கத்திப்பாரா ஏறினாலும் நெரிசலில் கால் பிரேக்தான். லிவரை இழுத்தால் கைக்கு நல்ல இறுக்கமாகவும் இருந்தது.

அந்த இறுக்கம்தான் ஏமாற்று. இடித்த பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பேடை என் கையில் கொடுத்தார். ஒரு பாதி மட்டும் தேய்ந்திருக்கிறது, மறு பாதி புதுசு மாதிரியே இருக்கிறது, அதாவது டிஸ்க்கின் ஓரத்தைத்தான் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் கேஸ் கட்டிங்கில் அறுத்த தகடு, ஓட்டை பொருந்தாததால் ராவி ராவி நீள்வட்டமாக்கியிருக்கிறார்கள். கேபிள், பைக் கிளட்ச் ஒயரை நட் போட்டு ஒட்டுப்போட்டது. உச்சகட்டம் வலது பக்கம்: பேட் சரியாகக் கடிக்கும் முன்பே ஆர்ம் போய் பிராக்கெட்டில் முட்டி நின்றுவிடுகிறது. என் கைக்குத் தெரிந்த இறுக்கம் அதுதான். "ஓட்டி வந்த சூட்டுல டிஸ்க் மயிரிழை உப்பியிருக்கும் தம்பி, அதுல கொஞ்சம் பிடிச்சிருக்கு. ஆறினதும் அதுவும் விட்டுடுச்சு" என்றார்.

கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினால், "கியர்ல போட்டிருக்கணும் சார்" என்கிறார். கிட் எந்த ஊர் என்று கேட்டேன், பதில் இல்லை. சரி, என் பழைய காலிப்பரையாவது கொடுங்கள், திரும்ப மாட்டிக்கொள்கிறேன் என்றால், "அது ஸ்கிராப்ல போயிடுச்சே." இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று நாள் அலைந்தும் அந்த ஜோடி கிடைக்கவில்லை. வேலைக்கு விட்ட அன்றே பழைய பாகங்களை டிக்கியில் போட்டு எடுத்து வந்திருக்க வேண்டும். பில்லிலும் "பிரேக் வேலை" என்று ஒரே வரி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றாலும் கையில் என்ன இருக்கிறது? கிட், பிராக்கெட், கேபிள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள், சக்கரத்தை மாட்டும் முன் நின்று போட்டோ எடுங்கள்.

பெரியவர் முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்து, அப்புறம் 12 மி.மீ. தகட்டில் பிராக்கெட் செய்தார். பேட் கடிக்கும் இடத்தில் ஆர்மும் கேபிளும் செங்கோணத்தில் நிற்கிற மாதிரி வைத்தார், அப்போதுதான் இழுவை முழுசாக இறங்குமாம். பிறகு பக்கத்து கோடவுனின் லாரி ஏற்றும் சரிவில் நியூட்ரலில் நிறுத்தி, மூக்கு மேலே பார்க்க அரை மணி, கீழே பார்க்க அரை மணி. தரையில் சாக்பீஸால் டயருக்கு ஒரு கோடு. ஐரோப்பிய விதியில் 20 சதவீதச் சரிவில் வண்டி நிற்க வேண்டும் என்று இருக்கிறது, அந்தச் சரிவு எத்தனை சதவீதமோ, கோடு அசையவில்லை. 14,000 வாங்கினார்.

ஸ்விஃப்ட்காரருக்குப் பம்பர் மாற்றிக் கொடுத்துவிட்டேன். மனுஷர் நல்லவர்தான், ஆனால் அடுத்த மழைக்கு மேம்பாலம் ஏறியபோது, என் வண்டிக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தை விட்டுவிட்டு முன்னால் போய் நிறுத்தினார்.