ஈ.கோலையா, பேசில்லஸா? சீப்பா புரதம் எடுக்க எது சரி

புதுச்சேரில பயோடெக் படிக்கிற பசங்க பாக்டீரியாவ வெச்சு புரதம் செய்யற ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா கண்ண மூடிட்டு ஈ.கோலைங்கற பாக்டீரியாவதான் எடுக்கறாங்க. 20 நிமிஷத்துல ரெட்டிப்பாகும், நம்ம ஜீன சுமக்கற டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட் ஈஸியா ஏறும், 1978லயே அதுல மனுஷ இன்சுலின் பண்ணி 1982ல மருந்தாவே வந்துடுச்சு, அதுக்கு முன்னாடி பன்னி மாடு கணையத்துலேர்ந்துதான் எடுத்துட்டிருந்தாங்க. எல்லாம் சரிதான், ஆனா காசு எங்க கரையுதுன்னு பாருங்க.

ஈ.கோலை பெரும்பாலும் புரதத்த உள்ளயே வெச்சுக்கும். ஒலி அலை விடுற சோனிகேட்டர்ல செல்ல உடைச்சா பல நேரம் புரதம் கட்டியாகி அடியில படியற பெல்லட்லயே கிடக்கும், அப்புறம் யூரியால கரைச்சு திரும்ப சரியான வடிவத்துக்கு மடிய வெக்கணும், அத தவிர்க்க ஜீன ஆன் பண்ற ஐபிடிஜி போட்டதும் செல்ல குலுக்கி வளக்கற ஷேக்கர 18 டிகிரிக்கு இறக்கி ராத்திரி பூரா ஓட்டுறோம், மே மாச பாண்டி வெயில்ல அந்த மெஷின் இழுக்கற கரண்ட யாரும் செலவுல சேக்கறதே இல்ல. ஊசி மருந்துன்னா ஈ.கோலையோட வெளிச் சவ்வுல இருக்கற நச்சான எண்டோடாக்சின வேற எடுக்கணும். ஐபிடிஜிக்கு பதிலா லாக்டோஸ் போட்டா கொஞ்சம் மிச்சமாகும், அவ்ளோதான்.

பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கற பாக்டீரியா நிறைய புரதத்த வெளிய மீடியத்துலயே விட்டுடும். சென்ட்ரிபியூஜ்ல சுத்தி மேல தெளிஞ்சு நிக்கறத எடுத்தா பாதி வேலை முடிஞ்சுது, எண்டோடாக்சினும் கிடையாது. பிரச்சனை, அது கூடவே விடுற புரோட்டியேஸ்ங்கற என்சைம் நம்ம புரதத்தயும் வெட்டிடும், அதுக்குதான் 8 புரோட்டியேஸ் ஜீன தூக்கிட்ட டபிள்யூபி800னு ஒரு பேசில்லஸ் வகை (ஸ்ட்ரெயின்) இருக்கு.

எனக்கு முக்கியமா படறது பாக்டீரியாவுக்கு போடற தீனி. கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்துல சக்கரை ஆலை இருக்கு, அங்க கழியற பாகான மொலாசஸ்ல இருக்கற சக்கரையில பெரும்பங்கு சுக்ரோஸ். பேசில்லஸ் அத அப்படியே தின்னும். நாம லேப்ல வெச்சிருக்கற பிஎல்21ங்கற ஈ.கோலை வகைக்கு சுக்ரோஸ் செரிக்காது, ஜீன் சேத்தாதான் உண்டு. விலை கொடுத்து குளுக்கோஸ் வாங்கி ஊத்திட்டு இது சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு எப்படி சொல்றது?

புரதத்து மேல சக்கரை ஒட்டணும்னா ரெண்டுமே சரிவராது, பிச்சியா ஈஸ்ட் பக்கம் போகணும். ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997ல ஹெபடைடிஸ் பி தடுப்பூசி விட்டது அதுலதான். ஆனா அதுல ஜீன ஆன் பண்ண வழக்கமா மெத்தனால் வேணும், 2023ல மரக்காணத்துல மெத்தனால் கலந்த சாராயத்தால அத்தன உயிர் போனதுக்கப்புறம் அத லேப்ல பூட்டி கணக்கு வெக்காம ஒரு சொட்டு கூட எடுக்கக் கூடாது.

தோல் பதனிட, துணி வெளுக்க என்சைம் வேணும்னா தயங்காம பேசில்லஸ் போங்க. சின்ன புரதம், கொஞ்சமா, டெஸ்ட் பண்ண மட்டும்னா ஈ.கோலை போதும்.