உபுண்டு சர்வரில் போஸ்ட்கிரெஸ்: வருடக்கணக்கில் ஓட்டினால் தெரியவருபவை

உபுண்டு 24.04-ல் ஏபிடி (மென்பொருள் நிறுவும் கருவி) வழியாக நிறுவினால் போஸ்ட்கிரெஸ் 16 என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இறங்கி, தானாகவே ஒரு கிளஸ்டரை (ஒரே சர்வரின் கீழ் ஓடும் டேட்டாபேஸ்களின் தொகுப்பு) உருவாக்கி, 5432 போர்ட்டில் ஓட ஆரம்பித்துவிடும். ஐந்து நிமிட வேலை. முதல் நாள் பார்க்காமல் விட்ட செட்டிங்தான் இரண்டு வருடம் கழித்துக் கழுத்தைப் பிடிக்கும்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பார்த்தால் 'ஆக்டிவ், எக்ஸிட்டட்' என்று வரும். பதற வேண்டாம், அது பெயருக்கு இருக்கும் சர்வீஸ். உண்மையில் ஓடுவது 16-மெயின் என்ற தனி யூனிட். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்ற கட்டளையை அடித்தால் பதிப்பு, போர்ட், டேட்டா இருக்கும் இடம், லாக் ஃபைல் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். உபுண்டுவும் சேர்ந்த டெபியன் குடும்பத்தின் இந்தக் கிளஸ்டர் கருவிகளுக்காகவே இந்தப் பேக்கேஜை எடுக்கலாம்.

அடுத்து எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம், டேட்டாபேஸில் நுழையும்போது வரும் 'பியர் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு' என்ற பிழை. பாஸ்வேர்டை நான்கு முறை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் பியர் முறை பாஸ்வேர்டையே கேட்பதில்லை. லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். ஹோஸ்ட்டாக லோக்கல்ஹோஸ்ட் கொடுத்து நுழைந்தால் பாஸ்வேர்டு கேட்கும். யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் பிஜி_எச்பிஏ ஃபைலைப் போஸ்ட்கிரெஸ் மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும். புது வரியைக் கடைசியில் ஒட்டிவிட்டு 'எடுக்கவில்லையே' என்று தேடுவது வீண். இந்த ஃபைலுக்கு ரீலோட் போதும். எந்த முகவரிகளில் கனெக்‌ஷன் ஏற்பது என்ற லிசன்_அட்ரஸஸ் செட்டிங்கை மாற்றினால் ரீஸ்டார்ட் வேண்டும்.

மெமரி விஷயத்தில், டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு_பஃபர்ஸ் 128 எம்பியில்தான் வரும். 8 ஜிபி ரேம் உள்ள, டேட்டாபேஸுக்கென்றே விட்ட மெஷினில் 2 ஜிபி வைக்கலாம். வரிசைப்படுத்துவது (சார்ட்) போன்ற வேலைகளுக்கான வொர்க்_மெம்மில் கை வைக்கும்போது மட்டும் கணக்குப் போடுங்கள்: அது சர்வர் முழுக்கான அளவு இல்லை, ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனி. 64 எம்பி வைத்து, 100 கனெக்‌ஷனும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு சார்ட் போட்டால் 6.4 ஜிபி. ரேம் தீர்ந்தால் லினக்ஸின் கர்னல் போஸ்ட்கிரெஸைக் கொன்றுவிட்டுப் போகும்.

அதிகம் படுத்துவது வரிசைமுறை. கிளஸ்டர் உருவாகும்போது சர்வரில் என்ன லோக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) இருந்ததோ அதுவே டேட்டாபேஸில் ஒட்டிக்கொள்ளும். கிளவுட் மெஷின்களில் அது பெரும்பாலும் 'சி.யுடிஎஃப்-8'. அதில் தமிழ்ச் சொற்கள் யூனிகோட் எண்படி வரும்: மனம், மரம், மறதி, மலர், மழை. அகராதி வரிசை வேண்டுமானால் டேபிளின் அந்த நெடுவரிசைக்கு 'டிஏ-எக்ஸ்-ஐசியூ' கொலேஷன் (வரிசை விதி) கொடுங்கள். மரம், மலர், மழை, மறதி, மனம் என்று சரியாக வரும்.

சிஸ்டத்தின் லோக்கேலை நம்பி ஓடும் டேட்டாபேஸில் இன்னொரு வம்பும் உண்டு. 2018-ல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) வரிசை விதிகளைப் பெரிதாக மாற்றியது. லினக்ஸை மேம்படுத்தியதும் வேகமாகத் தேட உதவும் பழைய இண்டெக்ஸ் பழைய வரிசையிலேயே கிடக்கும், போஸ்ட்கிரெஸ் புது விதியில் தேடும். இருக்கும் ரோ கிடைக்காது. ஒரே மதிப்பு இரு முறை வரக்கூடாத யுனீக் இண்டெக்ஸுக்குள் டூப்ளிகேட் நுழையும். போஸ்ட்கிரெஸ் 15-ம் பதிப்பிலிருந்து டேட்டாபேஸில் நுழையும்போதே கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வரும். முதலில் ரீஇண்டெக்ஸ் செய்து இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுங்கள், பிறகே ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் கட்டளை. முறை மாற்றிச் செய்தால் எச்சரிக்கை மறைந்துவிடும், கெட்ட இண்டெக்ஸ் உள்ளேயே இருக்கும்.

போஸ்ட்கிரெஸின் பதிப்பு மாற்றும்போது புதிய பேக்கேஜ் 5433-ல் காலியாக ஒரு மெயின் கிளஸ்டரை உருவாக்கி வைத்திருக்கும். அதை பிஜி_டிராப்கிளஸ்டர் கொண்டு நீக்கிய பிறகே, பழைய கிளஸ்டரைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் ஓடும். நீக்கும் கட்டளைக்கு என்டர் தட்டும் முன் பதிப்பு எண்ணை இரண்டு முறை பாருங்கள். பழைய எண்ணை அடித்தால் டேட்டா போச்சு. பேக்கப்பாக, ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும் பிஜி_டம்ப் மட்டும் வைத்திருந்தால் அதில் யூசர்களும் பாஸ்வேர்டுகளும் இருக்காது. அவற்றை பிஜி_டம்ப்ஆல் கட்டளையில் குளோபல்ஸ்-ஒன்லி என்ற தேர்வைக் கொடுத்துத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.